எந்த தாக்லா?

நாற்பத்தொரு விநாடி. அந்தக் குரல் செய்தியின் நீளம் அவ்வளவுதான். வருகிற செய்தி எதுவானாலும் மூன்று முறை கேட்ட பிறகே எழுத வேண்டும் என்பது எங்கள் நிலையத்தில் விதி. நான் இரண்டு முறை கேட்டேன்.

பாலைவனத்தில் ஸ்மாரா அகதி முகாமில் இருக்கும் எங்கள் வானொலி நிலையம் இரண்டே அறை, நடுவே ஒரு கண்ணாடி ஜன்னல். ஒன்றில் ஒலிவாங்கி, சத்தம் எதிரொலிக்காமல் இருக்கச் சுவரெங்கும் பழைய கம்பளங்கள். மற்றதில் ஒரு மேசை, நிலையத்தின் கைபேசி, நான். கைபேசிக்கு ஜனங்கள் குரல் செய்தி அனுப்புவார்கள். ஆடு தொலைந்தது, அடையாள அட்டை கிடைத்தது, மகளுக்குப் பிரசவம் ஆயிற்று, மாமாவுக்கு மருந்து வேண்டும். கேட்டு, நோட்டில் திருத்தி எழுதி, மாலை ஐந்து மணிக்கு அஸ்ஸா அக்காவிடம் கொடுப்பேன். அவள் வாசிப்பாள்.

நான் வாசிக்க மாட்டேன். பதினாலு வயதில் என்னை வடக்கே விடுதிப் பள்ளிக்கு அனுப்பினார்கள். எழுந்து நின்று பாடம் வாசிக்கச் சொன்னபோதெல்லாம் என் வாயிலிருந்து காற்றுதான் வந்தது. வகுப்பு சிரித்தது. கோடை விடுமுறைக்கு வந்தவள் திரும்பிப் போகவில்லை. அதன் பிறகு பேச வேண்டியதையெல்லாம் நோட்டில் எழுதத் தொடங்கினேன். அந்த நோட்டுகள் மாவு மூட்டைக்குப் பின்னால் இருக்கின்றன. அம்மாவுக்குக்கூடத் தெரியாது.

அஸ்ஸாவின் குரல் வேறு மாதிரி. தண்ணீர் லாரி வராது என்ற அறிவிப்பை அவள் வாசித்தால்கூட, நாளைக்கு வந்துவிடும் போலிருக்கும். அவள் வாசிக்கும் நேரத்தில் எங்கள் தெருவில் பெண்கள் சல்லடையைக் கீழே வைத்துவிடுவார்கள். என் வரி அவள் வாயில் போய் வெளியே வரும்போது அது என் வரிதானா என்று எனக்கே சந்தேகம் வரும். அந்தச் சந்தேகம் எனக்கு மிகவும் பிடித்திருந்தது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், கோளாறு அங்கேதான் ஆரம்பித்தது.

நிகழ்ச்சியின் கடைசிப் பத்து நிமிடம் 'இன்றைய நல்ல செய்தி'. அது நிலையத் தலைவர் ஹம்தி அண்ணனின் கட்டளை.

"வெளியே இருந்து வர்றவனெல்லாம் நம்ம அழுகையைப் படம் புடிச்சுட்டுப் போறான். அழுகைக்கு ஆள் நிறைய இருக்கான். நல்ல சேதிக்கு நம்மளை விட்டா யாரு?" என்பார்.

"நல்ல சேதி கிடைக்கணுமே அண்ணே," என்பாள் அஸ்ஸா. "முந்தாநேத்து ஆடு ரெட்டைக் குட்டி போட்டதை வாசிச்சேன். ஊரே சந்தோஷப்பட்டுச்சு. நேத்து வந்து சொல்றாங்க, ஒரு குட்டி செத்துப்போச்சாம்."

"மிச்சம் ஒண்ணு இருக்குல்ல? அதை வாசி."

அவர் சொன்னதில் தப்பில்லை. இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன். சோற்றுக்கு வரிசையில் நிற்கிறவர்களுக்கு நாளில் பத்து நிமிடமாவது நிமிர்ந்து உட்கார ஒரு காரணம் வேண்டும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். போர்க்காலத்தில் ஓடிவந்தவர்கள், விட்டுவந்த ஊர்கள் மறந்துபோகக் கூடாதென்று முகாம்களுக்கு அந்த ஊர்களின் பெயரையே வைத்தார்கள். அதனால் எங்களுக்கு எல்லா ஊரும் இரண்டு. தாக்லா என்றால் ஒன்று கடலோரத்தில், எங்கள் ஊர்களைப் பிடித்த படை எழுப்பிய சுவருக்கும் கண்ணிவெடிக்கும் அந்தப் பக்கம், எங்களால் போக முடியாதது. மற்றது இந்தப் பக்கம், மணலுக்கு நடுவே, எங்களிடமிருந்து ஜீப்பில் மூன்று மணி நேரம். யாராவது ஊர்ப் பெயர் சொன்னால் 'எந்த தாக்லா?' என்று கேட்பது எங்களுக்கு இருமல் மாதிரி, தானாக வரும். 'மணல்' என்றோ 'கடல்' என்றோ பதில் வரும். ஒருமுறை ஒருவன் மனைவிக்குப் போன் போட்டு 'அயூனுக்கு வந்துட்டேன்' என்றானாம். அவள் குலவையிட்டுத் தெருவையே கூட்டிவிட்டாள். அவன் பக்கத்து அயூன் முகாமில் டயர் வாங்கிக்கொண்டிருந்தான்.

அதனால் நிலையத்திலும் ஒரு வழக்கம். நோட்டில் ஊர்ப் பெயருக்குக் கீழே மணலென்றால் ஒரு கோடு, கடலென்றால் இரண்டு கோடு. தெரியாவிட்டால் அனுப்பியவரைக் கேட்க வேண்டும்.

அந்தச் சனிக்கிழமை வந்த செய்தியில் ஓர் ஆணின் குரல். பழக்கமில்லாத எண்.

"ஸ்மாராவில இருக்கிற மினாத்து அம்மாவுக்கு ஒரு சேதி. உங்க மகன் புஜும்மா தாக்லாவில இருக்கான். தங்கக் குழியில கால்ல அடி பட்டுடுச்சு. இப்போ எழுந்து நடக்கிறான். பயப்பட வேண்டாம். அவன் சொல்றான்…"

அதன் பிறகு இரைச்சல். விநாடி இருபத்திரண்டிலிருந்து முடியும்வரை, பெரிதாக எழுந்து, விழுந்து, மறுபடி எழுந்த இரைச்சல். அதற்குள் எங்கேயோ பேச்சு முங்கிக் கிடந்தது.

மினாத்து சின்னம்மாவின் கூடாரம் எங்களுடையதிலிருந்து நாலாவது. அவள் ஒரே மகன் புஜும்மா இரண்டு வருடத்துக்கு முன் தெற்கே தங்கக் குழி தோண்டப் போனான். போகாதே என்றாள். போவேன் என்றான். "போனா என் கூடாரத்துப் பக்கம் திரும்பி வந்துடாதே" என்று அவள் கத்தியதைத் தெருவே கேட்டது. அதன் பிறகு அவனிடமிருந்து ஒரு வார்த்தையும் இல்லை. குழி சரிந்து எத்தனையோ பையன்கள் புதைந்துபோனதைக் கேள்விப்பட்டிருந்தோம். வியாழக்கிழமைதோறும் அவள் நிலையத்துக்கு வந்து வாசலிலேயே நிற்பாள். "எனக்கு ஏதாவது?" என்பாள். நான் இல்லை என்று தலையாட்டுவேன். "சரி புள்ளே" என்று போய்விடுவாள். என் வாழ்க்கையில் நான் அதிகமாகச் செய்த காரியம் அவளுக்குத் தலையாட்டியதுதான்.

அன்று அந்தச் செய்தியைக் கேட்டதும் கடிகாரத்தைப் பார்த்தேன். மணி நாலே முக்கால். நல்ல செய்திக்கான பக்கம் காலியாக இருந்தது. இரண்டாவது முறை கேட்டேன். இரைச்சல் எழுந்து விழுந்தது. இதுதான் கடல் என்று நினைத்தேன்.

நான் கடலைப் பார்த்ததே இல்லை. ஆனால் என் ரகசிய நோட்டில் கடலைப் பற்றி ஒன்பது பக்கம் எழுதி வைத்திருந்தேன். அதில் ஒரு வரி: 'அவன் குரலுக்குப் பின்னால் கடல் கேட்கிறது.' யாரை நினைத்து எழுதினேன் என்று ஞாபகமில்லை. யாருமில்லாமல் அந்த வரி சும்மா இருந்தது. செய்திக்கு முன்பே இருந்தது. செய்தி வந்ததும் போய் அதில் உட்கார்ந்துகொண்டது.

எழுதினேன்:

'தாக்லாவில் ஒரு மகன் எழுந்து நடக்கிறான். அவன் குரலுக்குப் பின்னால் கடல் கேட்கிறது. மினாத்துவே, உனக்கும் அவனுக்கும் நடுவே இருப்பது ஒரு சுவர்தான். சுவர்கள் மனிதர் கட்டியவை.'

தாக்லாவுக்குக் கீழே இரண்டு கோடு போட்டேன்.

அஸ்ஸா ஒலிவாங்கியின் முன்னால் உட்காருவதற்கு முன் பக்கத்தைப் பார்த்தாள்.

"எந்த தாக்லான்னு கேட்டியாடி?"

"கடல் சத்தம் கேக்குதுக்கா."

"அப்போ சரி," என்றாள். என் வரியை உதட்டுக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தாள். "எங்கேருந்துடி புடிக்கிறே இதெல்லாம்?" என்று என் கன்னத்தைக் கிள்ளினாள்.

அவள் வாசித்து முடித்தபோது தெருவில் குலவைச் சத்தம் எழுந்தது. ஒரு கூடாரத்தில் தொடங்கி அடுத்தது, அடுத்தது என்று நிலையத்து வாசல்வரை வந்தது. ஹம்தி அண்ணன் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் கைபேசியை எடுத்து அந்த எண்ணுக்கு 'வாசித்தாயிற்று' என்று அனுப்பினேன். 'எந்த தாக்லா?' என்பதும் அதே நீளம்தான்.

மினாத்து சின்னம்மா அதைக் கொண்டாடிய விதத்தில்தான் எனக்கு முதல் பயம் வந்தது. அவள் பிறந்தது கடல் தாக்லாவில். ஏழு வயதில் அவளை ஒட்டகத்தில் கட்டிவைத்துக் கூட்டிவந்தார்கள். அவளுடைய அக்கா அங்கேயே தங்கிவிட்டாள். "என் பையன் அக்கா வீட்டுக்குப் போய்ச் சேந்துட்டான். நான் போக முடியாத இடத்துக்கு என் ரத்தம் போயிடுச்சு" என்று எல்லோரிடமும் சொன்னாள். குழிக்குப் போகிற பையன்களில் சிலர் தெற்கே சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போய்விடுவதுண்டு. ஆகவே யாருக்கும் சந்தேகம் வரவில்லை. வரும் வியாழனை விட்டு அதற்கடுத்த வியாழக்கிழமை ஆடு அறுத்து எல்லோருக்கும் சோறு போடுவதாகச் சொன்னாள். அவளிடம் இருந்தது ஒரே ஆடு.

அந்த வியாழக்கிழமை மதியம் மறுபடி அதே எண்ணிலிருந்து செய்தி வந்தது. இந்த முறை குரல் தெளிவாக இருந்தது. இளைஞனின் குரல்.

"ரேடியோக்காரங்களே, வாசிச்சுட்டோம்னு சொன்னீங்க. பன்னிரண்டு நாள் ஆச்சு. என் அம்மா வரலை. மூணு மணி நேர வழி. வரலைன்னா வர வேண்டாம்னு அர்த்தம். அவங்களைக் குத்தம் சொல்லலை. நான் பேசினது அப்படி. நாளைக்குச் சாயங்காலம் அஸர் தொழுகை முடிஞ்சதும் குழிக்குப் போற வண்டி ஒண்ணு இருக்கு. நான் கிளம்பறேன். இதை வாசிக்க வேண்டாம். அவங்ககிட்ட சொல்லவும் வேண்டாம்."

ஹெட்போனை மாட்டிக்கொண்டு பழைய செய்தியை எடுத்தேன். மூன்றாவது முறை. சத்தத்தை முழுதாகக் கூட்டி, கண்ணை மூடிக்கொண்டு கேட்டேன். இரைச்சலுக்கு அடியில் இருந்தது: "…அவன் சொல்றான், அம்மா கோபம் போயிருந்தா ஆஸ்பத்திரிக்கு வரச் சொல்லுங்க. அவனுக்கு அங்கே வர்றதுக்கு முகமில்லையாம். வழியையே பாத்துட்டிருக்கான்."

உடனே போயிருக்கலாம். எங்கள் கூடாரத்திலிருந்து நாலாவதுதான். அல்லது அந்த எண்ணைக் கூப்பிட்டிருக்கலாம். அவன் போனில்தான் இருந்தான், கூப்பிடும் தூரத்தில். ஆனால் கூப்பிட்டால் பேச வேண்டுமே. என்னவென்று பேசுவது? 'சொல்ல வேண்டாம்' என்று அவனே சொல்லியிருக்கிறானே என்று ஒரு சாக்கு கிடைத்தது. அதை இறுகப் பிடித்துக்கொண்டேன். அந்தச் சாக்கைப் பிடித்துக்கொண்டுதான் சாயங்காலம் விருந்துக்கும் போனேன்.

கூடாரம் நிறையப் பெண்கள். தேநீர்க் கோப்பைகள் சுற்றிக்கொண்டே இருந்தன. அஸ்ஸாவுக்கு நடுவில் மெத்தை போட்டிருந்தார்கள். மினாத்து சின்னம்மா புது மெல்ஃபா சுற்றியிருந்தாள், நீலத்தில் வெள்ளை அலை போட்டது. என்னைக் கண்டதும் எழுந்து வந்து கையைப் பிடித்து இழுத்துப் போய் அஸ்ஸாவுக்குப் பக்கத்தில் உட்கார வைத்தாள்.

"இவதான் எழுதினவ," என்றாள் எல்லோரிடமும். "வாயில்லாப் பூச்சின்னு நினைச்சீங்கல்ல? இவ பேனாவுக்கு எவ்வளவு பெரிய வாய் பாருங்க!"

"வாயை வெளியே வச்சா ஈ உள்ளே போயிடும்னு உள்ளேயே வச்சிருக்கா," என்றாள் ஒருத்தி. எல்லோரும் சிரித்தார்கள்.

சின்னம்மா ஈரல் துண்டை எடுத்து என் கையில் வைத்தாள். முதல் துண்டு. பிறகு குனிந்து, மற்றவர்களுக்குக் கேட்காமல் கேட்டாள்.

"அந்தச் சத்தம் எப்படி இருந்துச்சு புள்ளே? கடல் சத்தம்?"

"…நல்லா இருந்துச்சு சின்னம்மா."

"ஏறி ஏறி இறங்குச்சா?"

"ஆமா."

"இறங்கும்போது கூழாங்கல்லை இழுத்துட்டுப் போற மாதிரி ஒரு சின்ன சத்தம் வருமே. அது கேட்டுச்சா?"

நான் தலையாட்டினேன். இந்த முறை ஆம் என்று.

"எனக்கு ஒரு தடவை போட்டுக் காட்டுறியா? நாளைக்கழிச்சு வரேன். நாப்பது வருஷத்துக்கு மேல ஆச்சு கேட்டு."

"அழிஞ்சுபோச்சு சின்னம்மா," என்றேன். "கைபேசி நிறைஞ்சா தானா அழிஞ்சுடும்."

அவள் முகம் ஒரு நொடி வாடியது. பிறகு என் தலையைத் தடவினாள். "பரவாயில்லை. நீ கேட்டேல்ல. அது போதும்."

ஈரலை வாயில் போட்டேன். விழுங்கினேன். இன்னொரு துண்டு கொடுத்தாள். அதையும் விழுங்கினேன்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. நிலையம் மூடியிருந்தது, அதன் கைபேசி என்னிடம் இருந்தது. காலையெல்லாம் தலைவலி என்று படுத்துக் கிடந்தேன். அம்மா மூன்று முறை வந்து நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். சூரியன் உச்சிக்கு வந்தது. ஆண்கள் தொழுகை முடிந்து திரும்பினார்கள். அஸருக்கு இன்னும் எவ்வளவு நேரம் என்று என் உடம்பு தானாகக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தது. மூன்று மணி நேரத்துக்கும் குறைவாகிவிட்டது என்று தெரிந்த பிறகுதான் எழுந்தேன். அதையும் எழுதிவைக்கிறேன். இனிமேல் போனாலும் பிடிக்க முடியாது என்று தெரிந்த பிறகுதான் என் கால்கள் நடந்தன.

சின்னம்மா நேற்றைய பாத்திரங்களை மணல் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

எங்கள் வழக்கத்தில் எதையும் எடுத்த எடுப்பில் சொல்ல முடியாது. சாவு சொல்லப் போனாலும் முதலில் நலம் விசாரித்தாக வேண்டும்.

"வா புள்ளே. ஒண்ணும் கெடுதல் இல்லையே?"

"ஒண்ணும் கெடுதல் இல்லை சின்னம்மா."

"அம்மா எப்படி? கெடுதல் இல்லையே?"

"கெடுதல் இல்லை."

"வீட்ல எல்லாரும்? வெயில் எப்படி? உடம்பு?"

"கெடுதல் இல்லை. கெடுதல் இல்லை."

"நல்லதே நடக்கட்டும்."

"நல்லதே நடக்கட்டும்," என்றேன். பிறகு கைபேசியை எடுத்து அவள் முன்னால் வைத்தேன். "இது அழியலை."

அவள் முகம் மலர்ந்தது. மணல் ஒட்டிய கையை மெல்ஃபாவில் துடைத்துவிட்டு உட்கார்ந்தாள். நான் போட்டேன். மகனின் பெயர் வந்தபோது சிரித்தாள். இரைச்சல் தொடங்கியது. அவள் தலையை ஒரு பக்கம் சாய்த்தாள். மூன்று விநாடிகூட ஆகியிருக்காது.

"இது கடல் இல்லை," என்றாள்.

இரைச்சல் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது.

"இது காத்து. மணல் காத்து. போன்ல காத்து அடிச்சா இப்படித்தான் கேக்கும். ஆடு மேய்க்கிற குழந்தைக்குத் தெரியும் இது." என்னைப் பார்த்தாள். "எந்த தாக்லா?"

அவளிடம்தான் முதல் முதலாக அந்தக் கேள்விக்குப் பதில் சொன்னேன். "மணல்."

இரண்டாவது செய்தியையும் போட்டேன். அவள் முழுதும் கேட்டாள். அடிக்கவில்லை, திட்டவில்லை. எழுந்து ஒரு போர்வையையும் மகனின் பழைய சட்டை ஒன்றையும் மூட்டையாகக் கட்டினாள். நான் அந்த எண்ணைத் திரும்பத் திரும்பக் கூப்பிட்டேன். அணைந்திருந்தது. வெங்காயம் ஏற்றிக்கொண்டு தாக்லாவுக்குப் போகிற ஜீப் ஒன்று சந்தையில் நின்றது. அவள் ஏறினாள். நானும் ஏறினேன். இறங்கு என்று சொல்லவில்லை.

வண்டி ஒரு மணி நேரம் ஓடியிருக்கும். ஓட்டுநருக்குத் தாங்கவில்லை.

"ரெண்டு பொம்பளைங்க, ஒரு மூட்டை, பேச்சே இல்லை. மாமியார் மருமகளா?"

"இல்லை," என்றாள் சின்னம்மா. "என் பையனைப் பத்தி ரேடியோவில எழுதினவ."

"அட! கடல்காரன் அம்மாவா நீங்க? நான் அழுதுட்டேன் தெரியுமா அன்னைக்கு? நான்தான் போற இடமெல்லாம் சொல்லிட்டுத் திரியறேன், நம்ம பையன் ஒருத்தன் கடலைப் பாத்துட்டான்னு!"

பிறகு வழியைப் பார்த்து ஓட்டத் தொடங்கினான். எங்கள் முகத்தைக் கண்ணாடியில் பார்த்திருப்பான்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. ஆஸ்பத்திரி என்பது மூன்று மண் அறைகள். வாசலில் இருந்த ஆணின் குரலைக் கேட்டதுமே தெரிந்தது, முதல் செய்தியை அனுப்பியது அவன்தான். அங்கே மருந்து கொடுக்கிறவன்.

"மினாத்து அம்மாவா?" என்றவன் தலையில் கை வைத்தான். "அஸர் முடிஞ்சதும் கிளம்பிட்டான். ரெண்டு மணி நேரம்கூட ஆகலை."

சின்னம்மா மூட்டையைக் கீழே வைத்தாள்.

"எங்க பக்கம் உங்க ரேடியோ எடுக்காது. ஆனா வாசிச்சுட்டோம்னு பதில் வந்துச்சு. நான்தான் அவன்கிட்ட சொன்னேன், 'உங்கம்மா கேட்டிருப்பாங்க, வருவாங்க'ன்னு. தினமும் சொன்னேன்." வாசலில் கவிழ்த்துப் போட்டிருந்த எண்ணெய் டப்பாவைக் காட்டினான். "இதுலதான் உக்காந்திருப்பான். ஒவ்வொரு வண்டி வர்றப்பவும் எழுந்திருப்பான். அந்தக் காலை வச்சுக்கிட்டு."

சின்னம்மா போய் அந்த டப்பாவில் உட்கார்ந்தாள். வழியைப் பார்த்தபடி. காற்று வீசத் தொடங்கியது. எழுந்து, விழுந்து, மறுபடி எழுந்தது. நான் கேட்டது இதைத்தான்.

"உன்கிட்ட நான் ஒண்ணு கேக்கணும்," என்றாள் என்னைப் பார்க்காமலே. "நேத்து என் வீட்ல சோறு சாப்பிடறப்போ உனக்குத் தெரியுமா, தெரியாதா?"

பொய் சொல்லியிருக்கலாம். இரண்டாவது செய்தி இன்று காலைதான் வந்தது என்று சொன்னால் அவளால் கண்டுபிடிக்க முடியாது.

"தெரியும்," என்றேன்.

அவள் தலையாட்டினாள். வியாழக்கிழமைகளில் நான் அவளுக்கு ஆட்டியது போலவே.

ஞாயிற்றுக்கிழமை காலை நிலையத்தில் நான்கு பேர் இருந்தோம். ஹம்தி அண்ணன் நெற்றியைத் தேய்த்துக்கொண்டே இருந்தார்.

"பையன் உயிரோட இருக்கான், அது நிஜம். நடக்கிறான், அதுவும் நிஜம். மிச்சத்தை எதுக்கு இப்போ கிளறணும்? ஜனங்க அந்தச் சேதியைப் பொத்தி வச்சிருக்காங்க. அதை உடைச்சா நாளைக்கு நாம எதைச் சொன்னாலும் 'எந்த தாக்லா'ன்னு கேப்பாங்க."

"கேக்கட்டுமே அண்ணே," என்றாள் அஸ்ஸா. "நான்தான் கேக்காம விட்டேன். வரி நல்லா இருந்துச்சு, விட்டுட்டேன். நான் வாசிக்கிறேன், தப்பு நடந்துடுச்சுன்னு."

"நீ வாசிக்காதே," என்றாள் மினாத்து சின்னம்மா.

எல்லோரும் திரும்பினோம். அவள் உள்ளே வந்து உட்கார்ந்தது அன்றுதான் முதல் தடவை.

"நீ 'உன் வீடு இடிஞ்சு போச்சு'ன்னு சொன்னாலும் குலவை போடுவாங்க அஸ்ஸா. உன் தொண்டை அப்படி. இது அழகா இருக்கக் கூடாது. என் பையன் காதுக்குப் போகணும், நம்பணும்." என்னை நோக்கித் தாடையை அசைத்தாள். "இவ சொல்லட்டும்."

"என்னால முடியாது சின்னம்மா."

"என் ஆட்டை முழுங்க முடிஞ்சதுல்ல?"

யாரும் சிரிக்கவில்லை. அவளும் கேலியாகச் சொல்லவில்லை.

நான் எழுதினேன். ஒரு வரியை எழுதி அடித்தேன், இன்னொன்றை எழுதி அடித்தேன். அழகாக வந்ததையெல்லாம் அடித்தேன். மாலை ஒலிவாங்கியின் முன்னால் உட்கார்ந்தேன். சிவப்பு விளக்கு எரிந்தது. வாயைத் திறந்தேன். காற்று வந்தது. பள்ளியில் வந்த அதே காற்று. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சின்னம்மா அசையாமல் உட்கார்ந்திருந்தாள். எட்டு விநாடியோ ஒன்பதோ போனது. பிறகு குரல் வந்தது, உடைந்த சாடியில் தண்ணீர் ஊற்றுவது மாதிரி.

"புஜும்மாவுக்கு. நீ இருந்தது மணல் தாக்லா. நான் கடல்னு எழுதிட்டேன். கேக்காம எழுதிட்டேன். அதனால உன் அம்மா வரலை. தெரிஞ்ச அன்னைக்கே வெள்ளிக்கிழமை கிளம்பி வந்தாங்க. நீ போயிருந்தே. உன் டப்பாவில உக்காந்தாங்க. எனக்கு வியாழக்கிழமையே தெரியும். நான் சொல்லலை. உன் அம்மாவுக்குக் கோபம் இல்லை. கோபம் என் மேலதான். உன் கூடாரம் இருக்கு. வா."

அவ்வளவுதான். குலவை இல்லை. தெரு அமைதியாக இருந்தது. அன்று இரண்டு பேர் செய்தி அனுப்பினார்கள், அந்தப் பெண்ணை வேலையை விட்டு அனுப்புங்கள் என்று. அவற்றையும் நோட்டில் எழுதினேன். அஸ்ஸா என் பேச்சின் பதிவைத் தெற்கே போகிற ஓட்டுநர்கள் எல்லோருடைய கைபேசிக்கும் அனுப்பினாள். வெங்காயக்காரனும் வாங்கிக்கொண்டான். குழியில் வானொலி எடுக்காது. ஆனால் கைபேசியிலிருந்து கைபேசிக்குப் போனால் எங்கேயும் போகும்.

ஒவ்வொரு வாரமும் அதையே வாசித்தேன். 'இன்றைய நல்ல செய்தி' நேரத்தில்தான் வாசிக்க வேண்டும் என்று ஹம்தி அண்ணனே சொல்லிவிட்டார். அழுகைக்குப் பக்கத்தில் போட்டால் யாரும் காது கொடுக்க மாட்டார்கள் என்றார். மினாத்து சின்னம்மா வியாழக்கிழமைதோறும் வருவாள். வாசலில் நிற்பதில்லை, உள்ளே வந்து உட்காருவாள். "எனக்கு ஏதாவது?" என்பாள். அவள் என்னோடு பேசுவது அந்த ஒன்றுதான். அவள் கூடாரத்தைத் தாண்டும்போதெல்லாம் ஆடு கட்டியிருந்த முளைக்குச்சி கண்ணில் படும். அவள் அதைப் பிடுங்கவில்லை.

ஆறாவது வாரம், தெரியாத எண்ணிலிருந்து ஒரு குரல் செய்தி வந்தது. பதினேழு விநாடி. அதில் பேச்சு இல்லை. வெறும் காற்று. எழுந்து, விழுந்து, எழுந்தது. பதினோராவது விநாடிக்குப் பக்கத்தில் யாரோ பேச வாயெடுத்து நிறுத்தியது போல எனக்குத் தோன்றியது. அந்த எண்ணைக் கூப்பிட்டேன். எடுக்கவில்லை. 'யார்? எந்த ஊர்?' என்று எழுதி அனுப்பினேன். பதில் வரவில்லை. மூன்று முறை கேட்டேன். நான்காவது முறையும் கேட்டேன். தோன்றியதை நோட்டில் எழுதவில்லை.

அன்று வியாழக்கிழமை. சின்னம்மா கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தாள். நான் ஒலிவாங்கியில் சொன்னேன்:

"ஒரு சேதி வந்திருக்கு. தெரியாத எண். அதுல பேச்சு இல்லை. காத்து மட்டும் இருக்கு. யார் அனுப்பினாங்கன்னு தெரியாது. எங்கேருந்துன்னும் தெரியாது. கேட்டிருக்கேன். பதில் வந்தா சொல்றேன்."

பிறகு அதைப் போட்டேன். பதினேழு விநாடி.

வெளியே வந்தபோது சின்னம்மா கண்ணை மூடி, தலையை ஒரு பக்கம் சாய்த்து வைத்திருந்தாள். கண்ணைத் திறக்காமலே சொன்னாள்.

"திரும்பப் போடு."

போட்டேன். முடிந்தது. அவள் அசையவில்லை. கையை மட்டும் நீட்டி, என் மணிக்கட்டைப் பிடித்துப் பக்கத்தில் உட்கார வைத்தாள். விருந்தன்று பிடித்த அதே பிடி.

"இன்னொரு தடவை, புள்ளே."